உடைந்த மிக்ஸிக்கு நல்ல நேரம்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு மிக்ஸி கம்பெனி கோடவுன் திறந்தது. 2003, தை மாதம். புது மிக்ஸி விற்க அல்ல. மாவட்டத்துக் கடைகளுக்குத் திரும்பி வந்த பழுது மிக்ஸிகளை ஒரே இடத்தில் சேர்த்து, சோதித்து, சரிசெய்து அனுப்புவதற்கு. பொறுப்பாளர் ஜீனத். சென்னையில் வருஷக்கணக்கில் ஹாஸ்டல் சாம்பாரோடு மல்லுக்கட்டியவள், சொந்த ஊரிலேயே வேலை என்றதும் தலைகால் புரியாமல் ஓடி வந்திருந்தாள்.

அதற்குத்தான் வேட்டு வைக்க வந்து உட்கார்ந்திருந்தார் சென்னை மேலாளர் தணிகாசலம். "சாயந்தரத்துக்குள்ள சரக்கு வரலேன்னா இத வேலூருக்கு மாத்திடுவோம். நீங்க மறுபடி சென்னைக்கே வந்துடலாம்" என்றார், ஏதோ பரிசு கொடுப்பவர் மாதிரி.

ரிப்பன் வெட்டியாயிற்று. கேசரியும் காலி. மிக்ஸியைச் சோதிக்கும் வேடியப்பன் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலேயே அனுப்புவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன கடைக்காரர்களில் ஒருவர் வண்டியையும் காணோம். ஜீனத் கீழ்பென்னாத்தூர் அப்பாதுரை கடைக்கு போன் போட்டாள்.

"அண்ணே, பெட்டியெல்லாம் எங்கண்ணே?"

"கட்டி ரெடியா கீதும்மா. ஆனா தொறக்கற அன்னிக்கே ஒடஞ்சத அனுப்பி போணி பண்ண மனசு வருமா? நீ நல்லா வரணும்மா. நாளைக்கு அனுப்பறேன். எல்லா கடைக்காரங்களும் அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்."

இவ்வளவு பாசமாக யாரும் அவள் வேலைக்கு உலை வைத்ததில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. போணிதானே பிரச்சினை?

"அண்ணே, உங்க கடையிலேர்ந்து ஒரு புது மிக்ஸிய முன்னால ஏத்துங்க. அதுல போணி பண்ணிடலாம். ஒடஞ்சதெல்லாம் பின்னால வரட்டும். மத்தவங்களுக்கும் நீங்களே சொல்லிடுங்க."

"அட, ஆமால்ல!"

மதியம் அப்பாதுரையின் வேன் வந்தது. முதல் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. வேடியப்பன் ஸ்விட்சைத் தட்டினான். மிக்ஸி ஜம்மென்று ஓடியது.

"இதுல என்னய்யா பழுது?" தணிகாசலம் புருவத்தை நெரித்தார்.

"பழுதில்ல சார், போணி" என்று ஜீனத் நடந்ததைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் காலத்துல இதெல்லாமாம்மா பாப்பீங்க?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குள் வாசலில் வேன்கள் வரிசை கட்டிவிட்டன. மேசை நிறைய உடைசல். வேடியப்பனுக்கு நிமிர நேரமில்லை. "வேலூர்ல பாத்த இடத்த வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். ஜீனத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பிறகு தணிகாசலம் கழுத்தைச் சொறிந்தார். டிரைவரிடம் ஏதோ முணுமுணுத்தார். கார் டிக்கியிலிருந்து, பழைய துண்டு சுற்றிய ஒரு மிக்ஸி வந்து இறங்கியது.

"எங்க வீட்டுதும்மா. தீபாவளிலேர்ந்து ஓடல. வெளிய குடுத்தா கம்பெனி மானம் போயிடும்."

"காலையிலயே குடுத்திருக்கலாமே சார்? சும்மாதானே உக்காந்திருந்தோம்?"

தணிகாசலம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிம்மா? அப்ப போணியே ஆகலையே!"