இருமல் வாத்தியாரின் கேசட்டுகள்

"மாட்டோட இருமல் வேணுமா, மனுஷனோட பேச்சு வேணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைக்கா!"

"ரெண்டும் வேணும்."

"பேச்சை எடுத்துடணும்னு எழுதியே குடுத்திருக்காங்க. அப்புறம் நான் என்ன பண்ண?"

"எழுதினவங்க ஒரு கேசட்டையாவது காது குடுத்துக் கேட்டிருக்காங்களா?"

"நான் கேட்டேனே! நாள் பூரா இதைத்தானே கேக்கறேன். தூக்கத்துல நானே இருமுறேனாம். என் பொண்டாட்டி தலகாணியைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா."

"அவளுக்கு ஒரு சாக்கு வேணும், போயிருப்பா."

"கிண்டல் பண்ணாதக்கா. இங்க பாரு, ஒரு ஆளு குதிரைகிட்ட நின்னு கொஞ்சிக்கிட்டே இருக்காரு. அது பாடமா? போதாக்குறைக்கு நடுவுல எவளோ ஒருத்தி சும்மா சும்மா தும்முறா."

"எவளோ இல்லடா. நான்தான்."

தம்பி பதிவை நிறுத்தினான். அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள், ஒலி அறையின் கதவு திறந்தே கிடந்தது. வெளியே வாசிப்புக் கூடத்தில் அத்தனை தலைகளும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தன. முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். தினமும் அவளுக்கு அப்படிக் காட்டுவதே அக்காவின் வேலை. அக்காதான் அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நூலகர்.

அக்கா கதவைச் சாத்தினாள்.

ஒலி அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அடைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, பஞ்சு பிய்ந்த ஒரு ஹெட்போன். மறு பக்கம் சுவர் நீளத்துக்கு ஒரு மர அலமாரி. அலமாரி முழுக்கக் கேசட்டுகள். பசுவின் நுரையீரல், எருமையின் இரைப்பை, ஆட்டின் இருமல், குதிரையின் நெஞ்சுத் துடிப்பு என்று ஒவ்வொன்றின் முதுகிலும் சாய்ந்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும். எழுதியவர் இருமல் வாத்தியார். அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் அந்தக் கல்லூரியில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. இருமல் வாத்தியார் என்றால் வாயில்காப்பாளருக்குக்கூடத் தெரியும்.

மனிதர் வாழ்நாளில் ஒரு புத்தகம் எழுதவில்லை. எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். "எழுத்துல இருமிக் காட்ட முடியுமாய்யா?" என்று சிரிப்பார். தெரிந்ததையெல்லாம் கேசட்டில் ஏற்றினார். அவர் போன பிறகு அவருடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த அலமாரி மட்டும்தான்.

அக்கா அந்தக் கல்லூரிக்கு வந்தது நூலகராக அல்ல. கால்நடை மருத்துவம் படிக்கத்தான் வந்தாள். முதல் ஆண்டு ஓடிவிட்டது, அது புத்தகப் படிப்பு. இரண்டாம் ஆண்டு கொட்டகைக்குள் காலை வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. பசு என்றாலும் தும்மல், ஆடு என்றாலும் தும்மல், குதிரை என்றால் கண்ணும் வீங்கிவிடும். விலங்கின் முடி அவளுக்கு ஆகவில்லை. வகுப்பே அவளுக்குத் 'தும்மல்' என்று பெயர் வைத்துவிட்டது. வீட்டுக்குப் போய்விடலாமா என்று அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் வாத்தியார் கூப்பிட்டு ஒரு டேப் ரிக்கார்டரைக் கையில் கொடுத்தார்.

"கையால தொட முடியலைன்னா போகுது, காதால தொடு. வாசல்ல நின்னுக்க. நான் உள்ள போறேன், நீ பதிவு பண்ணு."

நீளமான ஒயரின் ஒரு முனையில், ஸ்டெதஸ்கோப்பின் குழாயில் செருகிய சின்ன மைக். அது வாத்தியார் கையில். மறு முனையில், கொட்டகை வாசலில், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவள். பிறகு அவள் மருத்துவத்தை விட்டு நூலகப் படிப்புக்கு மாறினாள், அதே கல்லூரிக்கே வேலைக்கும் வந்து சேர்ந்தாள். ஆனாலும் மருத்துவ மாணவியாக அவள் விலங்குகளுக்குப் பக்கத்தில் நின்ற காலம் என்றால் அந்த ஒயரின் நீளத்தில் நின்றதுதான்.

அந்தக் கேசட்டுகள் ஓடாத ஓட்டம் இல்லை. தேர்வு நேரத்தில் இந்த அடைப்புகளில் இடம் கிடைக்காது. ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஏதோ பிரார்த்தனை நடப்பது போல இருக்கும். வெளியே படிக்கட்டில் ஒருவன் இருமிக் காட்டுவான், இன்னொருவன், "கன்னுக்குட்டி, நெஞ்சுல சளி" என்பான். "போடா, அது வயசான ஆடு" என்று மூன்றாமவன் சண்டைக்கு வருவான். ஒருமுறை பேருந்தில் யாரோ பெரியவர் இருமப்போய், பின் இருக்கையில் இருந்த மாணவன் தன்னை மறந்து, "மூச்சுக்குழல்ல அழற்சி, தனியாக் கட்டணும்" என்று சொல்லி அடி வாங்காமல் தப்பித்தான்.

தொலைதூரத்து மருத்துவர்களுக்குத் தபாலிலும் போகும். ஒரு கேசட் திரும்பி வந்தால் அடுத்தது. சில, வாங்கியவர் வீட்டில் யாரோ அதன்மேலேயே எதையோ பதிவு செய்து, வேறு ஆளாகத் திரும்பி வரும். நிமோனியா வந்த பசு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு குழந்தை, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கும். பின்னாலிருந்து யாரோ கை தட்டுவார்கள். அக்கா அதையும் தூக்கிப் போடவில்லை. 'நடுவில் குழந்தை' என்று அட்டையில் எழுதி அடுக்கி வைத்தாள்.

இப்போது கேசட்டுகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. சிலவற்றை இன்னும் ஒரு தடவை ஓட்டினால் நாடா உதிர்ந்துவிடும். இந்த நேரத்தில்தான் பல நாட்டுக் கால்நடைக் கல்லூரிகளின் நூலகங்கள் சேர்ந்து, எல்லாரிடமும் உள்ள ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றி ஒரே இடத்தில் எல்லாருக்கும் கொடுப்பது என்று முடிவெடுத்தன. நல்ல காரியம்தான். விதி மட்டும் கறார். விலங்கின் ஒலி மட்டுமே இருக்க வேண்டும், மனிதப் பேச்சு இருக்கக் கூடாது. பொதுத் தொகுப்பில் சேராத கேசட்டுகளை வைத்துக்கொள்ள இங்கே இடம் இல்லை என்று கல்லூரியும் சொல்லிவிட்டது. அந்த அறைக்குக் கணினிகள் வரப்போகின்றன.

பதிவை மாற்றிக் கொடுக்க ஆள் தேடினார்கள். இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் "மாட்டு இருமலா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆளால் போனை வைக்க முடியாது, ஏனென்றால் அது அக்காவின் சொந்தத் தம்பி. கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தவனை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். வாத்தியாரின் குரலையும் எப்படியாவது உள்ளே நுழைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஆனால் தம்பி வேலை விஷயத்தில் அப்பாவைப் போல. சொன்ன அளவுக்கு மேல் ஒரு நூலும் போகமாட்டான்.

கதவைச் சாத்திய பிறகும் அவன் இறங்கி வரவில்லை. "உனக்கு அவரு குரல் வேணும்னா தனியா ஒரு காப்பி போட்டுத் தர்றேன், வீட்டுல வச்சுக் கேளு" என்றான்.

"வீட்டுல வச்சுக் கேக்கறதுக்கு அவரு என்ன பாட்டா பாடினாரு? புள்ளைங்க கேக்கணும்டா."

"விதி."

"போடா, நீயும் உன் விதியும்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவன் குரலை உருவி எடுத்தான். தும்மலையும் எடுத்தான். அதை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது என்று பிறகு சொன்னான்.

சரிபார்க்க வந்தவர் மருத்துவத் துறைத் தலைவர். பெரிய டாக்டர், கண்டிப்பானவர் என்று பெயர். அக்காவுக்கு மட்டும் அவள் வகுப்புத் தோழி. ஒரே பெஞ்ச்.

"என்னடி தும்மல், கண்ணெல்லாம் செவந்திருக்கு? மாடு எதுவும் உள்ள வந்துச்சா?"

"நீதான் வந்திருக்க" என்றாள் அக்கா.

தம்பி திகைத்துப்போய் இருவரையும் பார்த்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள். முதலில் குதிரை. கல்லூரியில் தீவன வண்டி இழுத்த பெட்டைக் குதிரை அது, 'மகாராணி' என்று கூப்பிடுவார்கள். கேட்கக் கேட்க டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. மறுபடி ஓட்டச் சொன்னாள். பசுவைப் போடச் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது எதுவும் தேறாதுடி."

"ஏன்?"

"ஆரம்பத்துல நெஞ்சு ஓடுற ஓட்டம் ஓடுது. போகப்போகப் பாதியா குறையுது. ஊசி போட்டாங்கன்னா குறிப்பு இருக்கணும், இல்ல. அப்போ டேப்பு இழுத்திருக்கு, மிஷின் சரியில்ல. இதைக் கேட்டு ஒருத்தன் இதயக் கோளாறுன்னு படிச்சுட்டுப் போனா யாரு பொறுப்பு? ஒதுக்கிடு."

"ஒதுக்கினா அலமாரியே போயிடும்டி. அவரோடதுன்னு வேற ஒண்ணுமே இல்ல."

"எனக்குத் தெரியாதா? அவருகிட்டதானே நானும் படிச்சேன். ஆனா தப்பான பாடத்துல அவரு பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பச் சொல்றியா?"

தோழி சொன்னது நியாயம். அக்கா அலமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

பேசியது தம்பிதான்.

"மேடம், நீங்க கேசட்டை என்ன வேணாலும் சொல்லுங்க. என் மிஷினைச் சொல்லாதீங்க. இது இழுக்காது."

"இழுக்காம எப்படித் தம்பி பாதியாகும்?"

"அது எனக்குத் தெரியாது, நான் மாட்டு டாக்டர் இல்ல. ஆனா டேப்பு இழுத்தா என்ன ஆகும்னு தெரியும். பேட்டரி தீர்ற டேப் ரிக்கார்டர் மாதிரி குரல் கட்டையாயிடும். துடிப்புல அது தெரியாது. மனுஷன் குரல்ல தெரிஞ்சே தீரும். இருங்க, காட்டுறேன்."

விதியை மறந்து, ரோஷத்தில், வெட்டாத பதிவை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் கொட்டகையின் இரைச்சல். எங்கோ ஒரு வாளி உருண்டது. மகாராணியின் நெஞ்சு தடதடவென்று அடித்தது. அப்புறம் அந்தக் குரல்.

"என்னம்மா கோவம்? யாரு என்ன சொன்னா உன்னை? நான்தானே வந்திருக்கேன். இது கொஞ்சம் சில்லுனு இருக்கும், திட்டாத... இதோ ஆச்சு. இதோ ஆச்சு, தாயி. வண்டி இழுத்து இழுத்துத் தோளு காய்ச்சுப்போச்சு பாரு... ஆச்சு, ஆச்சு."

தடதடப்பு மெல்ல அடங்கியது. ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக விழ ஆரம்பித்தது. குரல் ஒரு நொடி நின்றது. துடிப்பு மறுபடி வேகம் எடுத்தது. "எங்கயும் போகலம்மா, இங்கதான் இருக்கேன்" என்றது குரல். துடிப்பு மறுபடி இறங்கியது.

"குரல் மாறுச்சா மேடம்?"

"இல்ல."

"அப்போ மிஷினு?"

"மிஷின் சரிதான்யா, விடு."

"அது போதும்" என்று தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

மற்ற இருவரும் அவனைப் பார்க்கவே இல்லை. அக்கா ஸ்பீக்கரின் வலைமேல் கையை வைத்திருந்தாள். இத்தனை நாளும் அந்தக் குரல் வேண்டும் என்று அவள் சண்டை போட்டது பாசத்தில். வாசலில் நின்று இதையெல்லாம் பதிவு செய்தவள் அவள்தான், ஆனால் தும்மலை அடக்குவதில் இருந்த கவனத்தில் இது அவள் காதில் விழுந்ததே இல்லை.

"அவரு பேசப் பேச அது அடங்குதுடி" என்றாள்.

டாக்டர் தலையாட்டினாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் வந்தது, பின்னாலேயே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "யாரது பின்னாடி? குதிரை சிரிச்சா பரவால்ல, நீ சிரிக்காத" என்றார் வாத்தியார்.

"அது நான்தான்" என்றாள் துறைத் தலைவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இப்பல்லாம் நான் உள்ள போறேன், குழாயை வைக்கிறேன், எண்ணுறேன், வர்றேன். வாயே திறக்கிறதில்லடி. வேகமா அடிக்குதுன்னு எழுதிட்டு வந்துடறேன்."

அன்று மாலையே டாக்டர் பொதுத் தொகுப்பை நடத்தும் குழுவுக்கு எழுதினாள். பேச்சை எடுத்துவிட்டால் இந்தப் பதிவுகள் பொய்யாகிவிடும், பேச்சோடு ஏற்றுக்கொண்டால் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று. பதில் வரச் சில வாரங்கள் ஆயின. ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மருத்துவர் விலங்கிடம் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு பதிவோடும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

அக்கா இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறாள். தினமும் கொஞ்ச நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாத்தியார் பசுவிடம் சொன்னதை, எருமையிடம் சொன்னதை, கடிக்க வந்த நாயிடம் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பி எடுத்த தும்மல்களையெல்லாம் திருப்பிச் சேர்த்துவிட்டான்.

இந்தக் கதையைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மாட்டையோ நாயையோ பூனையையோ மருத்துவரிடம் கொண்டுபோயிருப்பீர்கள். அது பயந்து நடுங்கியபோது அவரோ நீங்களோ அதன் காதில் என்ன சொன்னீர்கள்? எந்த வார்த்தைக்கு அது அடங்கியது? அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, நினைவில் இருப்பதை அப்படியே கீழே எழுதுங்கள்.