ஓரத்துத் தட்டுகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தெரிந்தவர் வீட்டுக் கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத ஓர் அறையில் கிடைத்தது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் எல்.இ.டி. விளக்கொளியில் கீரை வளர்த்தார்கள். நடுத்தட்டுகளில் இலை கருகியது. சுவரோரத் தட்டுகளில் தண்டு நூலாக நீண்டு சாய்ந்தது.

2

"விளக்குகளை மாட்டியவன் ஒரு முரட்டு—"

(இந்த வரியை அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே முத்திரை குத்தினால் என்னை நம்பமாட்டீர்கள். அவன்தான் அந்தக் கணவன். எலக்ட்ரீஷியன், கெட்டிக்காரன். வம்பே அதுதான்.)

விளக்குகளை நடுவில் நெருக்கி, சங்கிலியில் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தான். ஒளி அளக்கும் மீட்டரை விளக்குக்கு நேர் கீழே மட்டும் வைப்பான். எண் அமோகமாக வரும்; சுவரோரத்து மங்கல் அதில் தெரியாது.

"வெளிச்சத்துல குறையே இல்ல. நீதான் தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுக்கிற."

"அதை ஓரத்துல வெச்சுப் பாருங்களேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

விளக்குகளை ஒரு முழம் உயர்த்தி, சுவர்ப்பக்கம் நகர்த்தி, ஒன்றின் ஒளி அடுத்ததோடு கலக்கும்படி மாட்டினால் போதும். அரைநாள் வேலை. ஆனால் அந்தச் சங்கிலியில் கை வைத்தால், இத்தனை காலம் அவளைத் திட்டியது தப்பென்று ஆகிவிடும்.

3

(திரும்பப் படித்தேன். அவனைப் பற்றி இவ்வளவு, அவளுக்கு ஒற்றை வரி. நானும் விளக்குக்கு நேர் கீழேதான் அளந்துகொண்டிருக்கிறேன்.)

அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. போய்ப் பார்த்தாள், தூக்கவில்லை.

"என்னடி, பிடியேன்."

"வேண்டாங்க்கா. என் கைராசி சரியில்ல. நான் தொட்டது எதுவும் தேறல."



4

ஒரு முடிவு: அவன் வெளியே போனபோது அவள் மீட்டரை எடுத்து ஓரத்தில்...

(முடியவில்லை. அவள் கை மீட்டர் இருக்கும் அலமாரிவரை போகிறது. இதுவும் கெட்டுவிடுமோ என்று பயந்து திரும்பிவிடுகிறது.)

5

இன்னொன்று: அவள் அக்கா வீட்டில் இருந்தபோது அவன் மீட்டரை ஓரத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு விளக்குகளை உயர்த்தி, விலக்கி மாட்டினான். அடுத்த விதைப்பில் எல்லாத் தட்டும் ஒரே மட்டமாகத் தழைத்தது.

அவனை மன்னிப்புக் கேட்கவைக்க உட்கார்ந்தேன். அவன் சொன்னது இது:

"பாத்தியா? தண்ணிய குறைச்சதும் எப்படி வந்திருக்கு."

அவள் தலையாட்டினாள்.

அவள் நிமிர்ந்து மேலே பார்ப்பதாக எழுதினேன். சங்கிலி குட்டையாகியிருப்பது கண்ணில் படுவதாக எழுதினேன். எப்படி எழுதினாலும் தலையாட்டுகிறாள். இனி நீங்கள் எழுதிப் பாருங்கள். என் கைக்கு அவள் வரமாட்டேன் என்கிறாள்.