நிழல்ராணியின் இடது கை

அப்பா கார்ட்டூன் படங்களுக்கு ஓவியர். அவர் வரைந்த வில்லி நிழல்ராணியைப் பார்த்து அழாத குழந்தை அந்தக் காலத்தில் கிடையாது. இப்போது நிஜ மனிதர்களை நடிக்கவைத்து அவளுக்கு ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அவள் ஏன் கெட்டவளானாள் என்கிற பூர்வகதை. கெட்டவர்களுக்கெல்லாம் ஒரு நியாயம் கண்டுபிடித்துத் தராவிட்டால் இந்தக் காலத்தில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. அப்பா காலமாகிவிட்டதால் முதல் காட்சிக்கு அம்மாவையும் என்னையும் அழைத்தார்கள்.

போக வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. நிழல்ராணியின் கையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள்.

அந்தக் கையின் கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். என் தம்பி சுண்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் துவண்டுதான் இருக்கும். சக்கர நாற்காலி வாங்கி வைத்திருந்தோம். ஐயா அதில் உட்கார மாட்டார். அவருக்கு அம்மாவின் இடது இடுப்புதான் சிம்மாசனம். சமைப்பது, துணி உலர்த்துவது, வாசலில் வந்தவனோடு சண்டை போடுவது எல்லாம் அம்மாவுக்கு ஒற்றைக் கையால்தான். அவளுடைய இடது தோள் இறங்கிப்போய், கை மடங்கியபடியே நின்றுவிட்டது. தெருவில் அவளுக்கு இடப்பக்கமாக நாங்கள் நடக்க மாட்டோம். தொங்கும் கால்களில் இடித்துவிட்டால் சுண்டு ஊரைக் கூட்டிவிடுவான்.

கார்ட்டூன் வரைகிறவர்கள் மேஜைமேல் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு, தங்கள் முகத்தையே கோணிக் கோணிப் பார்த்து வரைவார்கள். அப்பா வீட்டில்தான் வரைவார். அவர் முகத்தில் கோபம் நிற்காது. முறைத்தால் தும்மல் வரப்போகிறவர் மாதிரி இருப்பார். அதனால் கண்ணாடியைச் சமையலறைப் பக்கம் திருப்பிவைத்து, அதில் தெரிந்த அம்மாவைப் பார்த்து, கண்ணாடியில் மாறித் தெரியும் இடம் வலத்தைச் சரிசெய்து வரைந்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவர் செய்த தப்பு. தியேட்டரில் படம் பார்த்தபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அதே புருவம், அதே இறங்கிய தோள், மார்போடு மடங்கிய அதே இடது கை. பிள்ளையைச் சுமந்தவளை ஊரே பயப்படும் பேயாக்கிவிட்டீர்களே என்று அழுதாள். பல நாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சுண்டுவுக்கோ தலைகால் புரியவில்லை. டிவியில் நிழல்ராணி வரும்போதெல்லாம் அந்த மடங்கிய கையைக் காட்டி, "நான் அங்கதான் உக்காந்திருக்கேன், அப்பா வரையாம விட்டுட்டாரு" என்பான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவன் போய்விட்டான். அம்மா அப்பாவை மன்னித்தது அதற்கப்புறம்தான். அந்தப் பழைய படத்தை டிவியில் போட்டால் கைவேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவாள். கதையெல்லாம் பார்க்க மாட்டாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே அவளுக்குச் சுண்டு தெரிவான்.

புதுப் படத்தில் நடிகை நன்றாகத்தான் செய்தாள். தோளை இறக்கி, கையை மடக்கிக்கொண்டு அவள் நடந்து வந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஏன் அப்படி ஆனது என்று சொல்ல ஓர் அரசனும் ஒரு விஷ அம்பும் வந்தார்கள். அதையும் அம்மா பொறுத்துக்கொண்டாள். கடைசியில் யாரோ ஒரு சிறுமி நிழல்ராணியைக் கட்டிப்பிடிக்க, சாபம் நீங்கி, தோள் நிமிர்ந்து, கை மெல்ல மெல்ல நேரானது. அரங்கம் முழுக்கக் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா கைதட்டவில்லை. விளக்கு போட்ட பிறகும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கையை ஏன்டி நிமித்திட்டாங்க?" என்றாள். "இனிமே புள்ள எங்கடி உக்காருவான்?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவளை எழுப்பி வெளியே கூட்டிவந்தேன். தெருவில் நல்ல கூட்டம். அவளுடைய இடது கையைப் பிடிக்கப் போனவள், அது மடங்கியே இருப்பதைப் பார்த்து வலப்பக்கம் மாறிக்கொண்டேன். அவளுக்கு இடப்பக்கமாக வந்தவர்களிடம், கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.