தோவான் உள்ளே வரவில்லை

ஜன்னல் திரையை விலக்கி கியெம் மறுபடியும் பார்த்தான். தோவான் இன்னும் அங்கேதான் நின்றான். எதிர்வரிசையில், பூட்டிய மருந்துக்கடையை ஒட்டிய வாதுமை மரத்தடியில், தூறலில் நனைந்தபடி, கையில் செய்தித்தாள் சுற்றிய பீச் பூக்கிளையோடு. பஞ்சுக்கடைத் தெரு முழுக்க வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் சேறாகிக் கிடந்தது. புத்தாண்டின் முதல் காலையில் ஹனோயில் எவனும் தெருவில் சும்மா நிற்க மாட்டான். ஒன்று தன் வீட்டில் இருப்பான், இல்லையென்றால் கூப்பிட்ட வீட்டுக்குள் போவான். இவன் இரண்டையும் செய்யாமல் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வந்துட்டானா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஸுயென். எழுந்து வர அவளால் முடியாது. ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு கலைந்து போயிருந்தன. போன புத்தாண்டுக்கு அவள்தான் பிடிவாதம் பிடித்தாள், பன்னிரண்டு மிருகக் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்த தோவான்தான் முதலில் வாசல்படி மிதிக்க வேண்டும் என்று. முதலில் நுழைகிறவர் எப்படியோ அப்படித்தான் அந்த வருஷம் முழுக்க. அவன் நுழைந்தான், வருஷம் முடிவதற்குள் அவள் வயிறு நிறைந்தது. இந்த வருஷமும் அவன்தான் என்று அவள் முடிவு பண்ணி மாசக்கணக்காகிறது.

"வந்துட்டான். உள்ள வரமாட்டேங்கிறான்" என்றான் கியெம்.

ஆறு வருஷமாகப் போர்ச்செய்தி எழுதுகிறவனுக்குச் சந்தேகம்தான் சோறு. பிரெஞ்சு செய்தி நிறுவனத்தில் வெள்ளைக்கார நிருபர்கள் விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஹோட்டலில் குடிக்கப் போவார்கள். சேற்றில் நடந்து, கிராமத்துக்காரன் வாயைக் கிளறி, ராணுவ அறிக்கையில் உள்ள பொய்யைக் கழித்துவிட்டு எழுதுவது கியெம். எழுதியதைத் தணிக்கை அலுவலகத்தில் நீட்டினால் கத்தரிக்கோல் பாதியைத் தின்றுவிடும். அதனால் நிருபர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போயே ஆக வேண்டிய செய்தியை ஹாங்காங் விமானம் ஏறும் யாராவது ஒரு பயணியிடம் கொடுத்துவிடுவது. அந்தப் பயணிக்குப் 'புறா' என்று பெயர். புறாவுக்கு எழுதியவனின் முகம் தெரியக் கூடாது. கியெமின் பொட்டலங்களை விமான நிலையத்தில் கைமாற்றுவது நிறுவனத்து கார் டிரைவர் தோவான்தான்.

போன வாரப் பொட்டலத்தில் ஒரு படகுத்துறையின் கதை இருந்தது. துறையில் இருந்த படகுகளிலெல்லாம் பிரெஞ்சு அதிகாரிகள் ஏறி அக்கரை போய்விட, பின்னால் காவல் நின்ற பிரெஞ்சுப் படையின் எட்டாவது கம்பெனியை, அத்தனை பேரும் இந்த ஊர்ப் பையன்கள், எதிர்ப்படை வியெட்மின்காரர்கள் விடிவதற்குள் முடித்துவிட்டார்கள். பத்திரிகையில் வந்தது 'சிறு இழப்பு' என்று இரண்டு வரி. முழுக்கதை புறாவோடு போனது. போகவில்லை. புறாவை விமானப் படிக்கட்டிலேயே பிடித்துவிட்டார்கள்.

யார் சொன்னது? கியெமையும் தோவானையும் தவிர விஷயம் யாருக்கும் தெரியாது. அன்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தோவான் நடந்துகொண்ட விதத்தை கியெம் நூறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டான். வண்டியில் வாயே திறக்காதவன், அன்று மட்டும் கேட்டான்: "எந்தக் கம்பெனிண்ணே?" கொஞ்ச தூரம் போய், "எட்டாவதுன்னு நல்லாத் தெரியுமா?" பிறகு, "ஒருத்தன்கூடத் திரும்பலையா?" கார் ஓட்டுகிறவனுக்கு எதற்கு இந்த விசாரணை? அன்றே புறா மாட்டியது. மறுநாளே இவன் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. தம்பி தம்பி என்று தன் தட்டிலேயே சோறு போட்டதை நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தான். "ஏன்டா அங்கயே நிக்கிற? உள்ள வா. உன் அண்ணி காத்துக்கிட்டிருக்கா."

"இன்னிக்கி வேணாம்ணே." தோவான் ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. "நீங்க கதவச் சாத்திக்கங்க. வேற யாரையும் விட்டுராதீங்க. கொஞ்ச நேரந்தான்."

"என்னடா கொஞ்ச நேரம்? என்ன நடக்கப்போவுது?"

"நல்ல நாளும் அதுவுமா ஒண்ணும் கேக்காதீங்கண்ணே."

கியெம் ஜன்னலைச் சாத்தினான். யாருக்கோ வீட்டைக் காட்டிக்கொடுக்கத்தான் நிற்கிறான், வேறென்ன. அவன் நினைத்த மாதிரியே தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கி வந்தவர் பாதுகாப்புத் துறை லெப்டினன்ட் விங். கஞ்சி போட்ட சட்டை, பூனை நடை. தோவானைத் தாண்டித்தான் வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி நடிக்க இவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும் என்று கியெம் நினைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்ததும் விங் சிரித்தார். வாசல்படிக்கு வெளியே கவனமாக நின்றுகொண்டார்.

"புத்தாண்டு வாழ்த்துகள். நான் உள்ள வரலைங்க. வீட்டம்மா மாசமா இருக்காங்களாமே. வருஷத்தோட மொதல் ஆளா போலீஸ்காரன் நுழைஞ்சா நல்லாவா இருக்கும்?"

உள்ளே ஸுயென் பூஜை மேடைக்குக் கொளுத்திய ஊதுவத்தியின் மணம் வந்தது.

"அந்தப் பொட்டலத்தக் கொண்டு போன ஆளு ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாரு. ஒரு டிரைவர் குடுத்தானாம். ஹனோய்ல டிரைவருக்கா பஞ்சம்? செய்தி எழுதுற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எந்த டிரைவர்னு சொல்லிட்டீங்கன்னா இப்பிடியே போயிர்றேன். இல்லன்னா உள்ள வந்து உக்காந்துதான் பேசணும்." சொல்லிவிட்டு வலது காலை லேசாகத் தூக்கி, வாசல்படிமேல் வைக்காமல் நிறுத்தினார்.

தோவான் இவர்களுடைய ஆள் என்றால், பெயரைச் சொல்வதில் என்ன போயிற்று? சொன்னால் இந்த ஆளின் கண் ஒரு நொடியாவது காட்டிக்கொடுக்கும். கியெம் மோவாயால் எதிர்வரிசையைக் காட்டினான்.

"அந்தா நிக்கிறானே, என் டிரைவர். கொஞ்ச நாளாவே அவன் போக்கு சரியில்ல. என்னத்தக் கைமாத்துறான்னு எனக்குத் தெரியாது."

விங் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் திருட்டுத்தனம் இல்லை, ஏளனம் இல்லை. புதிதாக ஒன்று கிடைத்தவனின் சந்தோஷம் மட்டுமே இருந்தது. "அட, இவனா?" என்றார். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிவர ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

தோவானை அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

எதிர்த்திசையிலிருந்து துணிக்கடை லோக் மூச்சிரைக்க ஓடிவந்தார். நாற்பது வயசு, தொப்பை, ஆறு பிள்ளைகள், புதுச் சட்டை. "நேரமாயிருச்சு, நேரமாயிருச்சு, பசங்க விடல" என்றபடி வாசல்படியைத் தாண்டி, உரக்க, "இந்த வீட்டுக்கு ஆயுசும் பிள்ளையும் செல்வமும் பெருகட்டும்" என்றார். உள்ளே ஸுயென் சிரிப்பது கேட்டது.

"உங்கள யாரு வரச்சொன்னது?" என்றான் கியெம்.

லோக் குரலைத் தாழ்த்தினார். "தோவான்தான். நானும் புலி வருஷம்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் வெளிய காவல் நிக்கிறேன், வேற எவனும் மொதல்ல நுழையாமப் பாத்துக்கறேன்னான். பாவம், அவனோட கூடப்பொறந்த தம்பி செத்துப் போயிட்டானாம். எட்டாவது கம்பெனியாம். துக்க வீட்டுக்காரன் நல்ல நாள்ல அடுத்தவங்க படி மிதிக்கலாமா? அண்ணிகிட்ட சொல்லிராதீங்கன்னான். புள்ளத்தாச்சி, சாவுச் சேதி காதுல விழக் கூடாதாம்."

கியெம் வாசலுக்குப் பாய்ந்தான்.

லோக் நுழைந்ததை தோவான் பார்த்திருந்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது. தெருவைக் கடந்து வந்து, வாசல்படியைத் தொடாமல், பீச் கிளையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். நனைந்த செய்தித்தாள் கிளையிலிருந்து கழன்று விழுந்தது. நடுத்தெருவில் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, அண்ணனுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் குனிந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் விங்கும் இரண்டு சிப்பாய்களும் சிவப்புக் காகிதத்தை மிதித்துக்கொண்டு வந்தார்கள். கியெமின் ஒரு கால் வாசல்படிக்கு வெளியே இருந்தது, ஒரு கால் உள்ளே.