கிணற்று மூடி

தொண்ணூற்றெட்டாம் வருஷ மழைக்காலத்தில், ரிச்சர்ட்ஸ் டவுன் வீடொன்றின் கொல்லைக் கிணற்றுக்கு மர மூடி செய்ய வந்திருந்தான் தச்சன் தாமோதரன். பலகையின் நடுவில் ஆணி அடித்தான். நீளமான பட்டையின் ஒரு முனையை அந்த ஆணியில் மாட்டி, மறுமுனையில் பலகை வெட்டும் ரூட்டர் மிஷினைப் பூட்டிச் சுற்றிவந்தான். வட்டம் பிசகாமல் விழுந்தது.

"கைப்பிடி வேணாம்ப்பா. இன்னிக்கே மாட்டிடணும்," என்றாள் வீட்டுக்காரம்மா ஜெயசீலி.

"அப்புறம் எப்படிக்கா திறப்பீங்க?"

"திறக்கவே வேணாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஃபேக்டரி மூடினதுலேர்ந்து எங்க வீட்டுக்காரரு தினமும் கிணத்து மேட்டுலயே உக்காந்திருக்காரு. உள்ளயே பாத்துக்கிட்டு."

மூடி கனக்கட்டும் என்று தாமோதரன் இன்னொரு வட்டமும் வெட்டி அடியில் சேர்த்தான். அதைக் கிணற்றின் மேல் வைத்து போல்ட் முடுக்கும்போது அவள் கணவர் வந்து நின்றார். மூடியின் விளிம்பை மெல்லத் தடவினார்.

"நல்ல வேலை தம்பி. ஒரு ஆளு தூக்கிடலாமா?"

"நாலு பேராவது வேணும் சார்."

"பரவால்ல," என்று சிரித்தவர், திரும்பி மொட்டைமாடிப் படிகளை அண்ணாந்து பார்த்தார்.

தாமோதரன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, சீக்கிரம் வெளிய வாங்க!"