குடையை மடக்கும் இடம்

"கையில குடை இருக்க ஏன் பிள்ளை நனைஞ்சனீ?"

"சென்றியடியில மடக்கினனான் அம்மா. அங்கிள் ரோச் அடிச்சவர்."

தர்சிகாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த என் கை நின்றது. சென்றி என்ற அந்த ஆமிக் காவல்கூட்டில் இப்போது ஆள் இல்லை.

மலைநாட்டில், குண்டசாலையில் பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஒரே ஒழுங்கைதான். அதன் நடுவில் ஆமிக்காம்ப். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நாள்தொட்டு, அதன் காவல்கூட்டைக் கடக்கும்போது குடையை மடக்கி முகத்தைக் காட்டிப் போவோம். இங்கே அப்படிச் செய்யும்படி யாரும் கேட்டதில்லை. ஊரில் பழகியது, கூடவே வந்துவிட்டது. மகளுக்கு நடை பழக்கியதுபோல் இதையும் பழக்கினேன். மகள் அங்கிள் என்று கூப்பிடும் கோப்ரல் ஜயவீர ஒருமுறை முகத்தில் ரோச் வெளிச்சம் அடிப்பார். பிறகு அதைக் காலடிக்கு இறக்கி, எங்கள் நடைக்குத் தக்கபடி நகர்த்தி, மாமரத்தடியில் விட்டு அணைப்பார்.

இந்த வருடம் படையில் ஆட்குறைப்பு வந்தது. சிலர் தாங்களாக விலகினார்கள், மற்றவர்களை வேறு முகாம்களுக்கு அனுப்பினார்கள். கட்டில்கள் லொறியில் போயின. கேற்றுக்குச் சங்கிலி போட்டார்கள். ஒழுங்கையின் விளக்கும் அவர்களுடையதுதான், அதுவும் போயிற்று.

"அவங்கள் போகோணும் எண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனீர்," என்றார் என் கணவர் நவரட்ணராஜா. "இப்ப திரும்பி வரச்சொல்லி ஒண்டு கொளுத்தும், றீற்றா."

நான் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளை வரும்போது இருட்டிவிடுகிறது. எவனோ ஒருவன் அங்கே ஒளிந்திருந்து அவள் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறான் என்றால், இனி அவளை வகுப்புக்கு விடமுடியாது. பரீட்சை வேறு கிட்டத்தில் இருந்தது.

மறுநாள் பின்னேரம் ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் அபீபாவிடம் கேட்டேன்.

"கோப்ரலா? அவர் ஆமிய உட்டுட்டு ஊருக்குப் போய்ட்டாரே மிஸ். பெட்டியோட பஸ் ஏறினத நானே கண்ட." மேசைக்குக் கீழே கைவிட்டு நீளமான ரோச் ஒன்றை எடுத்து வைத்தாள். "போகக்குள்ள இதயும் தந்துட்டுத்தான் போனாரு. புதுப் பெட்டரி போட்டும் பத்துதில்ல. ஒங்களுக்கு வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. மகளுக்கு முன்பே போய்விட வேண்டும் என்று ஒழுங்கைக்குள் இறங்கினேன். காவல்கூட்டின் வாய் முழுவதும் சிலந்தி வலை. எங்கும் அறுந்திருக்கவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன்: ஈர மண், கால் முறிந்த கதிரை ஒன்று. யாரும் வந்துபோன தடம் இல்லை. மனம் ஆறிவிட்டது. பிள்ளை பழைய ஞாபகத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். மாமரத்தடிக்குப் போய் அவளுக்காகக் காத்து நின்றேன்.

தர்சிகா வந்தாள். கூட்டுக்கு நேரே வந்ததும் குடையை மடக்கினாள்.

கூட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் விழுந்தது. முதலில் அவள் முகத்தில், பிறகு காலடியில். வலையில் தொங்கிய மழைத்துளிகள் எல்லாம் மினுங்கின, வலை அசையவில்லை. வெளிச்சம் அவளுக்கு ஓரடி முன்னால் நகர்ந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் அது சற்றே விலக, அவளும் விலகி நடந்தாள். அப்படியே மாமரத்தடி வரை கொண்டுவந்து விட்டது.

ஆனால் அணையவில்லை. மெல்ல ஏறி என் முகத்துக்கு வந்து நின்றது.

அப்போதுதான் தெரிந்தது, என் குடை விரிந்தபடியே இருந்தது. மடக்கினேன். வெளிச்சம் போகவில்லை.

"அம்மா, என்ன தேடுறீங்கள்?"

என் கை கைப்பைக்குள் போயிருந்தது. அடையாள அட்டையை எடுத்து, ஊரில் சோதனைச்சாவடியில் நீட்டுவதுபோல் படம் தெரிய நீட்டினேன். மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் என் முகத்தைவிட்டு இறங்கி அட்டையில் தங்கி, என் பெயரின்மேல், ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பதுபோல் மெதுவாக நகர்ந்தது.