ஊனா கூட்டிக்கொண்ட ஒரு மணி நேரம்

மூன்று மணிக்கு ஊனா கோட்டை வாசலுக்கு இறங்கி வந்தபோது கரைக்குப் போகும் கல்பாதையைக் காணோம். அது இருந்த இடத்தில் கடல் இருந்தது.

கைப்பையிலிருந்து, கடல் ஏறி வடியும் நேரம் போட்ட ஓத அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். பாதை இரண்டரை வரை திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? கோடை வந்தால் ஸ்காட்லாந்தே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும். அட்டவணை அதைக் கண்டுகொள்ளாது. படிப்பவர்தான் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடமாக அப்படித்தான் கூட்டி வருகிறாள். ஆக, மூன்றரை.

"இந்த வருஷம் அட்டவணை அடிக்கிறவங்களே ஒரு மணி கூட்டிப் போட்டுட்டாங்கம்மா," என்றார் டிக்கெட் கிழிக்கும் பெட்ரி. "முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல இருக்கு. அதை யார் படிக்கிறா? உள்ளூர்க்காரங்கதான் வரிசையா மாட்டுறாங்க. வெளியூர்க்காரன் ஒருத்தன்கூட மாட்டல."

ஊனாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டுமே. இரண்டு வருடமாக அம்மா படுத்த படுக்கை. மாதத்தில் ஒரு நாள், அதுவும் நாலு மணி வரைக்கும்தான், தம்பி ஸ்ட்ரூவன் வந்து பார்த்துக்கொள்வான். அந்த ஒரு நாளில்தான் இங்கே வந்தாள். கோட்டையை அவள் பார்க்கவே இல்லை. பெரிய கூடத்தில் ஒரு கல்மேடையில் உட்கார்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். பேரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாருமில்லை, அது போதும் அவளுக்கு.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"மாட்டிக்கிட்டேன்டா. பாதை முழுகிடுச்சு. இனி ராத்திரி பத்து மணிக்குத்தான்."

"பத்தா? விளையாடுறியாக்கா? நாலு மணிக்கு நான் கிளப்புக்குப் போகணும். அம்மாவுக்கு யாரு துணி மாத்துறது?"

"நீதான்."

"எனக்கு அதெல்லாம் வராதுக்கா."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சாக்கும்?"

தம்பிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மெலிதாகக் கேட்டது. "ஊனா எங்க? ஊனாவை வரச்சொல்லு."

ஊனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற தாய் கூப்பிடுகிறாள், போக மனசில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

பெட்ரிக்கு இரக்கம் வந்துவிட்டது. "அழாதீங்கம்மா. கீழ என் படகு கட்டியிருக்கு. பத்தே நிமிஷம், கரையில விட்டுடுறேன்."

"யாரு பேசுறது? படகு இருக்குங்கறாரா?" ஸ்ட்ரூவன் பரபரத்தான்.

ஊனா படிக்கட்டின் கீழே ஆடிக்கொண்டிருந்த படகைப் பார்த்தாள். பச்சை வண்ணம் அடித்த, நல்ல படகு.

"படகெல்லாம் ஒண்ணும் இல்லைடா," என்றாள். "சூப்பை ஆறவெச்சுக் கொடு. மாத்திரை ஆறு மணிக்கு."

போனை அணைத்தாள். பெட்ரி படகையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். ஊனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"போர்த்திக்க ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டாள்.